எண் ஒப்புமைக் கேள்விகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

8 : 28 :: 27 : ?

முதல் ஜோடி எண்களுக்கு இடையே உள்ள உறவே இரண்டாவது ஜோடியிலும் இருக்க வேண்டும்; அதற்கு ஏற்ற எண்ணைக் கேள்விக்குறி உள்ள இடத்தில் கண்டுபிடிப்பதுதான் எண் ஒப்புமைக் கேள்வி. இதைப் பார்த்ததும் பலருக்கும் கை முதலில் கழித்தலுக்குத்தான் போகும். 28-இல் 8 போனால் 20. ஆக, 27-உடன் 20 சேர்த்து 47. சரி, அடுத்த கேள்வி!

அவசரப்பட வேண்டாம். 8-ஐ மூன்றால் பெருக்கி 4 கூட்டினாலும் 28 வரும். அப்படிப் பார்த்தால் விடை 85. 8-ஐ அதைவிட ஒன்று குறைவான 7-ஆல் பெருக்கிப் பாதியாக்கினாலும் 28தான். அந்த வழியில் 27 × 26-இல் பாதி, அதாவது 351. இன்னொரு வழியும் இருக்கிறது. 8 என்பது 2-இன் கனம். 28 என்பது 3-இன் கனத்தோடு ஒன்று. 27 என்பது 3-இன் கனம் என்பதால், 4-இன் கனத்தோடு ஒன்று சேர்த்து 65. நான்கு விதி, நான்கு விடை. எதிலும் கணக்குப் பிழை இல்லை.

ஒரே ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு எத்தனை விதி வேண்டுமானாலும் கட்டலாம். அதனால் முதல் ஜோடியை மட்டும் பார்த்து விதியை முடிவு செய்வதுதான் இந்தப் பகுதியில் மிகப் பெரிய தவறு. மூன்றாவது எண்ணும் ஒரு துப்பு. மேலே உள்ள கேள்வியில் 8, 27 இரண்டும் கன எண்கள். அது தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆகவே 65தான் எதிர்பார்க்கப்படும் விடை.

12 : 20 :: 30 : ? என்பதையும் பாருங்கள். வித்தியாசம் 8 என்றால் 38. மூன்று பங்குக்கு ஐந்து பங்கு என்ற விகிதத்தில் போனால் 50. 3 × 4, 4 × 5, 5 × 6 என்று பிரித்தால் அடுத்தது 6 × 7, அதாவது 42. கேள்வி எடுப்பவர் இந்த மூன்றையும் ஆப்ஷனில் போடத் தயங்க மாட்டார். நான் 42-ஐத்தான் குறிப்பேன். மற்ற இரண்டு விதிகளும் முதல் இரண்டு எண்களை மட்டும்தான் விளக்குகின்றன. இது 30 ஏன் அங்கே வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது.

ஆப்ஷனைப் பார்க்காமலே முழு விடையையும் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று சிலருக்குப் பிடிவாதம் உண்டு. அது வீண். ஆப்ஷனும் கேள்வியின் ஒரு பகுதிதான். நம் விதி தரும் எண் அங்கே இல்லையென்றால், கூட்டல் கழித்தலை மறுபடி சரிபார்த்துக்கொண்டு உட்காராமல் விதியையே மாற்றிப் பார்ப்பது நல்லது.

கேள்விக்குறி முதலில் வந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். ? : 130 :: 4 : 68 என்று வந்தால், தெரிந்த ஜோடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். 4-இலிருந்து 68 வர 17-ஆல் பெருக்கலாம். ஆனால் 130, 17-ஆல் மீதியின்றி வகுபடாது. அந்த வழி அடைபட்டது. 4-இன் கனம் 64, அதோடு 4 சேர்ந்தால் 68. அதே போல 5-இன் கனம் 125, அதோடு 5 சேர்ந்தால் 130. விடை 5. திசையை மறந்துவிட்டு 130-ஐயே கனப்படுத்தக் கிளம்புகிறவர்களும் உண்டு!

குறிப்பைப் படிக்காமல் விடுவது அடுத்தது. எண்களை இலக்கங்களாகப் பிரிக்கக் கூடாது என்று சில வினாத்தாள்களில் தெளிவாகவே போட்டிருப்பார்கள். 48 : 12 :: 76 : ? என்பதில் இலக்கங்களைக் கூட்டினால் 13, நான்கால் வகுத்தால் 19. அந்தக் குறிப்பு இருந்தால் 13-ஐத் தொடவே கூடாது.

வர்க்கத்தில் ஒன்றைக் கழிப்பதும், ஒன்றைக் கழித்துவிட்டு வர்க்கம் எடுப்பதும் வேறு வேறு. 7 : 48 :: 9 : ? என்பதற்கு 80 சரி. அவசரத்தில் 64 என்று குறித்துவிடுவார்கள், அதுவும் ஆப்ஷனில் சமத்தாக உட்கார்ந்திருக்கும்.

பகா எண்களிலும் இப்படித்தான். 19 : 23 :: 29 : ? என்றால் வித்தியாசம் பார்த்தவர் 33 என்பார். கொடுத்த மூன்றும் பகா எண்கள் என்று கவனித்தவர் அடுத்த பகா எண்ணான 31-ஐக் குறிப்பார். 51, 87, 91 மூன்றும் பார்வைக்குப் பகா எண் மாதிரி ஏமாற்றும். அவை முறையே 3 × 17, 3 × 29, 7 × 13. வர்க்கங்களை 30 வரைக்கும் கனங்களை 15 வரைக்கும் மனப்பாடம் செய்துகொண்டால் பாதித் தேடல் மிச்சம். 64, 8-இன் வர்க்கமாகவும் வரும், 4-இன் கனமாகவும் வரும் என்பது போன்றவை அப்போதுதான் சட்டென்று கண்ணில் படும்.

மூன்று எண்கள் கொண்ட தொகுப்பு வந்தால் இடத்தையும் பாருங்கள். (6, 54, 9) போன்ற தொகுப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, ஆப்ஷனில் (48, 6, 8), (7, 56, 8) என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். (6, 54, 9) என்பதில் நடுவில் உள்ளது இரு ஓர எண்களின் பெருக்கல். (48, 6, 8) என்பதிலும் அதே பெருக்கல் உறவு இருக்கிறது, ஆனால் பெருக்குத்தொகை முதலில் நிற்கிறது. சரியான தொகுப்பு (7, 56, 8).