ஒரு சுகாதாரக் கொள்கை வேலை செய்ததா என்று கண்டுபிடிப்பது எப்படி?

எந்தச் சுகாதாரக் கொள்கைக்கும் மூன்று தேதிகள் உண்டு: அறிவித்த நாள், அமலுக்கு வந்த நாள், மக்கள் உடலில் பலன் தெரியத் தொடங்கும் நாள். இந்த மூன்றையும் ஒன்றாக எண்ணிக் கணக்குப் போடுவதால்தான் நல்ல திட்டம் தோற்றதாகவும் உதவாத திட்டம் வென்றதாகவும் அறிக்கைகள் வருகின்றன. அப்படி வரும் அறிக்கையை நம்பி ஒரு திட்டத்தை நிறுத்தினால் பாதிக்கப்படுவது உயிர்கள். ஆகவே முதல் வேலை தேதிகளைப் பிரிப்பது.

கொள்கை அறிக்கையோடு நிற்காதீர்கள். அதன்பின் வந்த சட்டம், விதிகள், அரசாணை, நிதி ஒதுக்கீடு, வழிகாட்டு நெறிமுறை என எல்லாவற்றையும் தேடி எடுத்து ஒரே காலக்கோட்டில் குறியுங்கள். விதிகளில்தான் உண்மையான கொள்கை இருக்கும்: யாருக்குப் பொருந்தும், யாருக்கு விலக்கு, மீறினால் என்ன அபராதம், யார் சோதனை செய்வார்கள். சோதிக்க ஆளும் பணமும் ஒதுக்கப்படவில்லை என்றால் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள்.

பிரிட்டனின் குளிர்பானச் சர்க்கரை வரியைப் பாருங்கள். 2016 மார்ச்சில் அறிவித்தார்கள். 2018 ஏப்ரலில் அமலானது. 100 மில்லிலிட்டரில் 5 கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு வரி, 8 கிராமை எட்டினால் கூடுதல் வரி. நடுவிலிருந்த இரண்டு ஆண்டுகளில் பல நிறுவனங்கள் பானத்தின் கலவையையே மாற்றிச் சர்க்கரையை 5 கிராமுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டன. 2018 ஏப்ரலை மட்டும் தொடக்கமாக வைத்துக் கணக்கிட்டால், வரியால் விளைந்த மாற்றத்தில் பெரும்பகுதி வரிக்கு முந்தைய காலத்தில் சேர்ந்துவிடும். பலன் குறைவாகத் தெரியும்.

அடுத்து, கொள்கையிலிருந்து நோய் வரை ஒரு சங்கிலி வரையுங்கள். விதி, அதனால் மாறும் பொருள் அல்லது சேவை, அதனால் மாறும் பழக்கம், உடலுக்குள் போகும் அளவு, கடைசியில் நோய். ஒவ்வொரு கண்ணிக்கும் ஓர் அளவீடும் ஒரு கால இடைவெளியும் எழுதுங்கள். எழுத முடியாத கண்ணிதான் பெரும்பாலும் அறுந்து போகும் கண்ணி.

கருவின் நரம்புக்குழாய்க் குறைபாட்டைத் தடுக்க உதவும் பி வகை வைட்டமினான ஃபோலிக் அமிலத்தின் கதை இதற்குச் சரியான பாடம். பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகும் இந்த நரம்புக்குழாய், கருத்தரித்த ஏறக்குறைய 28 நாட்களுக்குள் மூடிவிடும். பல பெண்களுக்கு அதற்குள் கர்ப்பம் என்பதே தெரிந்திருக்காது. 1992-இல் அமெரிக்கா, கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்கள் தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. அறிவுரை சரியானதுதான், ஆனால் திட்டமிடாத கர்ப்பங்களில் அது உரிய நேரத்தில் போய்ச் சேராது. சங்கிலி அறுந்தது பழக்கம் என்ற கண்ணியில். 1998 முதல் செறிவூட்டப்பட்ட தானிய மாவில் 100 கிராமுக்கு 140 மைக்ரோகிராம் சேர்ப்பதைக் கட்டாயமாக்கினார்கள். பழக்கத்தை மாற்றத் தேவையே இல்லாமல் போனது. நரம்புக்குழாய்க் குறைபாடுகள் குறைந்தன. ஒரு கொள்கை அடுத்த வடிவத்துக்கு ஏன் நகர்ந்தது என்று புரிய, அறுந்த கண்ணி எது என்று பார்த்தாலே பல நேரம் போதும்.

கால இடைவெளி நோய்க்கு நோய் மாறும். புகையை விட்டவருக்கு இதயநோயின் கூடுதல் ஆபத்து ஓராண்டில் ஏறத்தாழப் பாதியாகும்; நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பாதியாகப் பத்தாண்டுகள் வரை பிடிக்கும். புகையிலைச் சட்டம் வந்த இரண்டாம் ஆண்டில் புற்றுநோய்க் கணக்கைப் பார்த்து 'பலன் இல்லை' என்று எழுதுவது பிழை. அந்தக் கட்டத்தில் அளக்க வேண்டியது சிகரெட் விற்பனையையும் புகைப்போர் விகிதத்தையும்.

எண்ணிக்கையை விகிதமாக்காமல் எதையும் ஒப்பிடாதீர்கள். இரண்டு லட்சம் பேரில் 40 நோயாளிகள் என்றால் லட்சத்துக்கு 20. மக்கள்தொகை மூன்று லட்சமாகி நோயாளிகள் 50 ஆனால் லட்சத்துக்கு 16.7. நோயாளிகள் கூடினார்கள், நோய் விகிதம் குறைந்தது. முதியோர் பங்கு மாறியிருந்தால் வயதுக்கேற்பச் சரிசெய்த விகிதம் வேண்டும்.

இனி, அதிகம் பேர் சறுக்கும் இடம். கொள்கைக்கு முந்தைய ஆண்டுகளில் ஒரு நோயின் விகிதம் 100, 96, 92 என்றும், பிந்தைய ஆண்டுகளில் 88, 84, 80 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முன் சராசரி 96, பின் சராசரி 84. பெரிய வெற்றி போலத் தெரியும். ஆனால் ஆண்டுக்கு 4 குறைவது முன்பே நடந்துகொண்டிருந்தது. கொள்கை எதையும் கூட்டவில்லை. முன்போக்கை ஒரு கோடாக நீட்டி, அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியது என்றே பார்க்க வேண்டும். மாத வாரியான தரவு என்றால் முன்னும் பின்னும் குறைந்தது 24 புள்ளிகளாவது வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பருவகால ஏற்ற இறக்கம் உங்களை ஏமாற்றும்.

காலரா குடிநீர் வழியே பரவுகிறது என்று மருத்துவர் ஜான் ஸ்நோ வாதிட்டதால், 1854 செப்டம்பர் 8 அன்று லண்டன் பிராட் தெருவில் அடிபம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள் காலரா தணியத் தொடங்கியிருந்தது. கழற்றியதால்தான் நின்றதா என்று முடிவு சொல்ல முடியாது என்று ஜான் ஸ்நோவே எழுதினார். அந்த நேர்மை எனக்கு மிகவும் மதிப்புக்குரியது. அவருடைய வலுவான சான்று வேறு இடத்தில் இருந்தது. தேம்ஸ் நதியில் கடல் ஏற்றம் எட்டும், நகரக் கழிவு கலந்த பகுதியிலிருந்து வீட்டு உபயோகத்துக்கு நீர் எடுக்கக் கூடாது என்று 1852-இல் வந்த சட்டம், குடிநீர் நிறுவனங்களுக்கு 1855 ஆகஸ்ட் வரை அவகாசம் தந்தது. லாம்பெத் நிறுவனம் 1852-இலேயே நதியின் மேற்புறத்துக்கு மாறிவிட்டது. சதர்க் அண்ட் வாக்ஸ்ஹால் மாறவில்லை. ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு இரண்டின் நீரும் போனது. 10,000 வீடுகளுக்குக் காலரா மரணம்: முதலாவதில் 37, இரண்டாவதில் 315. இந்த முறையை அப்படியே கடன் வாங்குங்கள்: ஒரே கொள்கையை முந்திப் பின்பற்றிய இடத்தையும் தாமதித்த இடத்தையும் ஒப்பிடுங்கள். அப்படி இடம் கிடைக்காவிட்டால், அந்தக் கொள்கை தொடவே முடியாத வேறொரு நோயின் போக்கைக் கூடவே வரையுங்கள். அதுவும் அதே மாதத்தில் சரிந்திருந்தால் காரணம் வேறு.

எண்களை நம்புமுன் சில சோதனைகள். நோயின் வரையறையோ பதிவு முறையோ அந்த ஆண்டில் மாறியதா? பரிசோதனை கூடியதா? கூடினால் நோயாளி எண்ணிக்கை ஏறும். அது கொள்கையின் தோல்வி அல்ல, சில நேரம் வெற்றிதான். உச்சத்தில் இருந்தபோது நடவடிக்கை எடுத்தார்களா? உச்சம் தானாகவே இறங்கும்.

இலக்கு வைத்த அளவீட்டைத் தனியாகச் சந்தேகியுங்கள். இங்கிலாந்தில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நான்கு மணிநேர வரம்பு வைத்தபோது, காத்திருப்பு குறைந்தது. கூடவே, நான்கு மணி நெருங்கும் கடைசி நிமிடங்களில் வார்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் குவிந்ததும் தரவில் தெரிந்தது. சராசரியை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. நிமிட வாரியாகப் பரவலை வரைய வேண்டும். அதேபோல் வருமானம், பாலினம், ஊர் என்று பிரித்துப் பாருங்கள். மொத்த விகிதம் இறங்கியபடியே ஏழைகளின் விகிதம் அசையாமல் நிற்பது அடிக்கடி நடக்கிறது. அதை எழுதாமல் விட்ட ஆய்வை முழுமையானதாக நான் ஏற்பதில்லை.

கைவிடப்பட்ட கொள்கைகளையும் இதே காலக்கோட்டில் வையுங்கள். டென்மார்க் 2011 அக்டோபரில், நிறைவுற்ற கொழுப்பு (வெண்ணெய், இறைச்சி போன்றவற்றில் மிகுந்திருப்பது) 2.3 சதவீதத்துக்கு மேல் இருந்த உணவுகளுக்கு வரி போட்டது. 2013 தொடக்கத்தில் நீக்கியது. நிர்வாகச் சுமையும், மக்கள் எல்லை தாண்டிப் போய் வாங்குவதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். கொழுப்பு உண்டால் இதயத்துக்கு என்ன ஆகும் என்ற மருத்துவக் கேள்விக்கு இதில் பதில் இல்லை. பதினைந்து மாதம் அதற்குப் போதாது. ஆகவே நீக்கிய காரணத்தை 'நோயில் பலன் இல்லை', 'நடைமுறையில் ஓடவில்லை', 'அரசியல் ஆதரவு போனது' என்று மூன்று நிரல்களில் எதில் சேரும் என்று குறித்து, நீக்கிய தேதிக்குப் பின்னும் ஓராண்டுத் தரவைத் திரட்டுங்கள். வரி போனபின் கொள்முதல் பழைய கோட்டுக்குத் திரும்புகிறதா என்பதை அதில்தான் பார்க்க முடியும்.