ராமநாதபுரம் கடற்கரையில் செங்காந்தள் வளர்ப்பது எப்படி?

செங்காந்தள் மலை நிலத்துப் பூ. சங்கப் புலவர்கள் அதைக் குறிஞ்சித் திணையில் வைத்துப் பாடினார்கள், முருகனுக்குச் சூட்டினார்கள். தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுதான். மலைப் பூ என்றதுமே மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை, தொண்டிப் பக்கத்து ஆட்கள், "நம்ம உப்புக் காத்துக்கு இதெல்லாம் எங்க வரும்?" என்று கையை விரித்துவிடுகிறார்கள். நன்றாகவே வரும். வேதாரண்யம் பக்கத்தில் கடலோர மணல் நிலத்திலேயே இதைப் பயிராக வைத்திருக்கிறார்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் வறண்ட பூமியில் ஏக்கர் கணக்கில் விளைகிறது. வெயிலும் மணலும் இதற்குப் பகை இல்லை. நம் ஊரில் இதைக் கெடுப்பவை மூன்றுதான்: கரிக்கும் தண்ணீர், தொட்டியில் தேங்கும் ஐப்பசி மழை, செடி உறங்கும் காலத்தில் நாம் பாவம் பார்த்து ஊற்றும் தண்ணீர். இந்த மூன்றையும் தவிர்க்கத் தெரிந்தால், ஒரு முறை வைத்த கிழங்கு ஆண்டுதோறும் பூக்கும்.

நடுவதற்கு முன்னால் ஒன்று: இது விஷச் செடி

இதைப் படிக்காமல் கீழே போக வேண்டாம். செங்காந்தளின் கிழங்கு, விதை, இலை, தண்டு, பூ எல்லாவற்றிலும் கோல்ச்சிசின் என்ற நச்சு இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் அதிகம். அதே கோல்ச்சிசினைப் பிரித்தெடுத்து, அளவு பார்த்து, கீல்வாதத்துக்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள். விவசாயிகள் இதைப் பயிரிடுவதே அந்த விதைக்காகத்தான். ஆனால் வீட்டில் யாரும் எந்த வைத்தியத்துக்கும் இதைத் தொடக்கூடாது. கிழங்கு பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு சேர்த்துப் போட்டுவைத்தால் தெரியாமல் குழம்பில் விழுந்துவிடும். அப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

தவறி யாராவது தின்றுவிட்டால், சில மணி நேரத்தில் வாயும் தொண்டையும் எரியும், வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும். இதற்கு எளிதில் கிடைக்கும் முறிமருந்து கிடையாது. "மோர் கொடுத்துப் பார்க்கலாம்", "விடியட்டும்" என்றெல்லாம் காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். செடியின் ஒரு துண்டையும் உறையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள். அறிகுறி தெரியும்வரை பார்ப்போம் என்றும் இருக்கக்கூடாது.

தவழும் குழந்தையோ, எதையும் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளையோ இருக்கும் வீடென்றால் சில ஆண்டுகள் பொறுத்து வையுங்கள். ஆடு மேயும் தெருவென்றால் வேலியோரம் வேண்டாம், மாடியில் வையுங்கள். கிழங்கைத் தொடும் ஒவ்வொரு முறையும் கையுறை, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவல். இவ்வளவுக்கும் சம்மதம் என்றால் சரி, தொடங்கலாம்.

1. கிழங்கு வாங்குதல்

நாற்றுப் பண்ணையில் "செங்காந்தள்" என்று கேட்டுப் புரியாவிட்டால் "கண்வலிக் கிழங்கு" அல்லது "கலப்பைக் கிழங்கு" என்று கேளுங்கள். காட்டிலிருந்தோ வேலிப் புதரிலிருந்தோ தோண்டி வந்து விற்பவர்களிடம் வாங்க வேண்டாம். இயற்கையில் இந்தக் கொடி குறைந்துபோனதே அப்படித் தோண்டித் தோண்டித்தான்.

கிழங்கு இரண்டு கை விரித்து ஆங்கில வி எழுத்து மாதிரி இருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். இதுதான் முக்கியம். உருளைக்கிழங்கில் ஒரு கண் போனால் இன்னொன்று முளைக்கும், இதில் அந்தப் பேச்சே இல்லை. நுனி ஒடிந்த கிழங்கு பெரும்பாலும் வீண்தான். அதனால் வாங்கும்போதே நுனியை நன்றாகப் பாருங்கள். வெளுத்த, லேசாகப் புடைத்த முனை தெரிய வேண்டும். கிழங்கு கெட்டியாக, 50 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் முதல் ஆண்டே பூக்கும். சுருங்கி, அழுத்தினால் குழியும் கிழங்கு வேண்டாம். விதையிலிருந்தும் வளர்க்கலாம், ஆனால் பூவைப் பார்க்க மூன்று நான்கு ஆண்டு ஆகும். புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கிழங்குதான் சரி.

2. எப்போது நடுவது

தண்ணீர் வசதியுள்ள வயல்களில் ஜூன், ஜூலையில் நடுவார்கள். நம் கடற்கரைக்கு அது ஒத்துவராது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும் நேரத்தில் இளந்தண்டு நிற்காது. ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி நடு வரை நடுங்கள். காற்று தணிந்திருக்கும். தளிர் தலைகாட்டும் நேரத்துக்கு வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும். கார்த்திகையில் பூவைப் பார்க்கலாம். பாக் நீரிணைக்கு அக்கரையில் இருக்கும் தமிழர்களும் இதைக் கார்த்திகைப் பூ என்றே சொல்கிறார்கள்.

3. தொட்டியும் மண்ணும்

தரையில் வைப்பதைவிடத் தொட்டியே நம் ஊருக்கு நல்லது. மழையில் நகர்த்தலாம், கோடையில் ஒதுக்கலாம், மண்ணும் நம் கட்டுப்பாட்டில் இருக்கும். 12 அங்குல அகலம், அதே ஆழம் போதும். அடியில் நாலைந்து ஓட்டை கட்டாயம். பழைய பெயிண்ட் வாளியைக்கூடப் பயன்படுத்தலாம், அடியிலும் பக்கவாட்டில் கீழ்ப்பகுதியிலும் துளை போட்டுக்கொள்ளுங்கள்.

கலவை: செம்மண் 2 பங்கு, ஆற்று மணல் 1 பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் 1 பங்கு. சாயல்குடிப் பக்கம் இருப்பவர்களுக்குத் தேரிச் செம்மணல் கிடைக்கும், அதையே செம்மண்ணும் மணலுமாக வைத்து உரத்தை மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். கரையில் அலை ஏறும் இடத்து மணல் வேண்டவே வேண்டாம், அதில் உப்பு இருக்கும். தென்னை நார்க்கழிவு போட ஆசைப்பட்டால் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகு போடுங்கள். கண்மாய்க் கரிசல் மண் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதையும் தவிர்த்துவிடுங்கள்.

உரத்தோடு ஒரு தேக்கரண்டி டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோயைத் தடுக்கும் நல்ல பூஞ்சை) கலந்தால் கிழங்கழுகல் குறையும். வேளாண் இடுபொருள் கடைகளில் கிடைக்கும்.

4. நடுதல்

இரண்டு கையுள்ள கிழங்கை அப்படியே நடலாம். பிரிக்க விரும்பினால் இரண்டும் சேரும் மூட்டில் மட்டும் ஒடியுங்கள். முற்றிய முள்ளங்கி ஒடிவது போலப் பட்டென்று ஒடியும், அதனால் நுனியைப் பிடித்துக்கொண்டு ஒடிக்காதீர்கள். ஒடித்த முகத்தில் அடுப்புச் சாம்பல் தடவி, நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள்.

தொட்டியை முக்கால் பங்கு நிரப்பி, கிழங்கைப் படுக்கை வாக்கில் வையுங்கள். முளைக்கண் தொட்டியின் நடுப்பக்கம் பார்த்திருக்கட்டும், விளிம்பில் இடித்தால் வளைந்து வரும். மேலே 2 அங்குல மண். கையால் அமுக்க வேண்டாம். ஒரு முறை தண்ணீர் ஊற்றுங்கள், பிறகு தளிர் வரும்வரை மேல்மண் காய்ந்தால் லேசாகத் தெளித்தால் போதும். முளைக்க மூன்று நான்கு வாரம் ஆகலாம். "என்ன ஆச்சோ" என்று தோண்டிப் பார்த்தால் அந்த ஒற்றைக் கண் முறிந்துவிடும்.

5. தண்ணீர்

வீட்டுப் போர் தண்ணீரை ஒரு வாய் வைத்துப் பாருங்கள். கரித்தால் இந்தச் செடிக்கு அது ஆகாது. காவிரிக் குடிநீர், மாடியில் பிடித்த மழைநீர், மணலில் தோண்டிய ஊற்றின் நல்ல தண்ணீர், இவற்றில் எது கிடைக்கிறதோ அது. குடிநீரைச் செடிக்கு ஊற்ற மனசு வராது, நியாயம்தான். ஆனால் இதற்குத் தேவை குறைவு. அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரே பெரும்பாலும் போதும், அதில் உப்பு மட்டும் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

இலை நுனி காய்ந்து பழுப்பாகி, தொட்டி விளிம்பில் வெள்ளைப் பூச்சு படிந்தால் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். ஒரு வாளி நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியே முழுக்க வடியவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் பிரச்சினை தலைகீழ். புயல் சின்னம் உருவாகி நாள் கணக்கில் கொட்டும்போது தொட்டிக்குள் நீர் நிற்கக்கூடாது. தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், அடியில் தட்டு வைக்க வேண்டாம். கனமழை என்று அறிவித்தால் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிடுங்கள்.

6. இடமும் பிடிமானமும்

காலை வெயில் நாலைந்து மணி நேரம் கிடைக்கும் இடமாகப் பாருங்கள். கடலைப் பார்த்த திறந்த மூலை கூடாது, உப்புச் சாரல் நேராக அடிக்கும். ஒரு சுவரோ பனை ஓலைத் தட்டியோ இடையில் இருந்தால் போதும். வாடைக் காற்று பலமாக அடித்த மறுநாள் காலையில் இலைகளை நல்ல தண்ணீரால் ஒரு முறை கழுவிவிடுங்கள்.

அப்புறம் பிடிமானம். அவரைக்கும் பாகலுக்கும் போடும் தடித்த குச்சி இதற்கு உதவாது. செங்காந்தளுக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு, மெலிந்து, சுருண்டு, கிடைத்ததைப் பற்றிக்கொள்கிறது. அந்த நுனி ஒரு நூல் அளவுதான் சுற்றும், மூங்கில் கழியைப் பிடிக்க அதற்கு நீளம் போதாது. நம் ஊரில் இதற்குக் கைவசம் இருக்கும் பொருள் பழைய மீன்வலை. கிழிந்த வலைத் துண்டை உப்புப் போக அலசி, சுவரில் இரண்டு ஆணி அடித்துத் தொட்டியிலிருந்து ஆறடி உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். இலை நுனி வலைக்கண்ணில் பட்ட பிறகு ஒன்றிரண்டு நாளில் திரும்பி வந்து பார்த்தால், இழையைச் சுற்றி இறுகப் பிடித்திருக்கும். வலை இல்லையென்றால் தென்னை ஈர்க்குகளைக் கட்டி நிறுத்தலாம்.

தண்டின் உச்சி மிக மென்மையானது. அது முறிந்தால் அந்த ஆண்டுப் பூ போனது போல்தான், பக்கக் கிளை வரும் என்று நம்ப முடியாது. கொடியை நாமாக வளைத்துக் கட்டாமல், வலையைக் கொடியின் பக்கம் நகர்த்துங்கள்.

7. உரமும் புழுவும்

தளிர் ஓரடி வளர்ந்ததும் ஒரு கைப்பிடி மண்புழு உரம். மொட்டு தெரியும் முன் ஒரு தேக்கரண்டிச் சாம்பல். இதற்கு மேல் வேண்டாம். யூரியா போட்டால் இலைதான் செழிக்கும்.

கறுப்பு உடம்பில் வெள்ளையும் ஆரஞ்சுமாகப் புள்ளி வைத்த ஒரு புழு வரும். இந்தக் குடும்பத்துச் செடிகளைத் தேடிவந்து தின்னும் அந்துப்பூச்சியின் புழு அது. இரண்டே நாளில் இலை முழுவதையும் முடித்துவிடும். தினமும் இலையின் அடிப்பக்கம் பார்த்து, கையுறையோடு பொறுக்கிப் போடுங்கள். அதிகமானால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் அடியுங்கள்.

8. பூ

மொட்டு பச்சையாகத் தலைகீழாகத் தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் ஓரம் நெளிந்து மேல்நோக்கி மடங்கும். முதலில் பசுமஞ்சள், பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கும், கடைசியில் பூ முழுவதும் சிவப்பு. ஒரே கொடியில் மூன்று நிறத்திலும் பூக்கள் நிற்கும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் சூல்தண்டு நேராக நிற்காமல், அடியிலேயே ஒருபக்கமாக மடங்கி, மகரந்தத்தைவிட்டு விலகி நீண்டிருப்பது தெரியும். அதனால்தான் வயல்களில் ஆட்கள் காலை நேரத்தில் மகரந்தத்தைக் கையால் தொட்டுச் சூல்முடியில் வைக்கிறார்கள். வீட்டில் விதை தேவையில்லை. காய் பிடித்தால் வெடிக்கும் முன் கிள்ளிவிடுங்கள், உள்ளே இருக்கும் செக்கச்செவேல் விதை குழந்தைகளை இழுக்கும். கிள்ளினால் சத்தும் கிழங்குக்குப் போகும்.

9. உறக்கம்

தை, மாசியில் இலைகள் கீழிருந்து மஞ்சளாகி, தண்டு காய்ந்து சாயும். பெரும்பாலான செடிகள் குப்பைக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான். பக்கத்து வீட்டில் கேட்பார்கள்:

"ஏன் மதினி, செடிதான் செத்துப்போச்சே, இன்னும் தொட்டிய வச்சிருக்கீக?"

"சாகல மதினி, தூங்குது. பாவம்னு தண்ணி மட்டும் ஊத்திறாதீக."

மழைக்கால நடுவில் திடீரென்று துவண்டு, அடித்தண்டு கொழகொழத்தால் அது அழுகல். பூத்து முடிந்து, மழையும் ஓய்ந்த பிறகு நிதானமாகக் காய்ந்தால் உறக்கம். உறக்கம் என்றால் தண்ணீரை முழுக்க நிறுத்துங்கள். தண்டு தானாகக் கழன்று வரும்வரை இழுக்க வேண்டாம். தொட்டியை நிழலில், சித்திரைக் கோடை மழை படாத இடத்தில், வேண்டுமானால் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள்.

ஆவணியில் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் நாம் நட்ட கிழங்கு சக்கையாகியிருக்கும், அதன் இடத்தில் புதுக் கிழங்கு இருக்கும். ஆண்டுதோறும் இது தன் கிழங்கைப் புதிதாக்கிக்கொள்ளும் செடி. நன்றாகத் தேறியிருந்தால் மூட்டில் பிரித்து இரண்டு தொட்டியாக்கலாம், மண்ணை மட்டும் புதிதாகக் கலந்துகொள்ளுங்கள். யாருக்காவது கொடுத்தால் உறையின் மேல் "செங்காந்தள், விஷம், தின்னக்கூடாது" என்று பெரிய எழுத்தில் எழுதி, வாயாலும் சொல்லிக் கொடுங்கள். ஓரிரு நாள் வெளியே வைக்க நேர்ந்தாலும் அடுக்களைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.