‘பார்க்கலாம்’ என்ற பதிலும் வேறு சில தவறுகளும்: சக ஊழியர்களிடம் பேசும்போது

வேலையிடத்தில் வேண்டுமென்றே பொய் சொல்பவர்கள் குறைவு. உண்மையைத் தள்ளிப்போடுபவர்கள்தான் அதிகம். “வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை கிடைக்குமா?” என்று கேட்டால், முடியாது என்று தெரிந்தும் ‘பார்க்கலாம்’, ‘முயற்சி பண்றேன்’ என்கிறோம். முகத்துக்கு நேரே மறுத்தால் மரியாதைக் குறைவு என்ற எண்ணம். கேட்டவரோ அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு தன் வேலையைத் திட்டமிடுகிறார். வியாழன் மாலை உண்மை தெரியவரும்போது, மாற்று ஏற்பாட்டுக்கு அவருக்கு நேரமே இருக்காது.

மறுக்கும்போது எது முடியாது, எது முடியும், எப்போது என்ற மூன்றையும் சொல்லிவிடுங்கள். “முழு அறிக்கை வெள்ளிக்குள் முடியாது. முதல் 2 பகுதிகளைப் புதன் மாலை 4 மணிக்குத் தருகிறேன், மீதி திங்கள் காலை. அது போதாதென்றால் இன்றே சொல்லுங்கள், வேறு வேலையைத் தள்ளிவைக்க முடியுமா என்று மேலாளரிடம் கேட்கிறேன்.” ஒப்புக்கொண்ட பிறகு சிக்கல் வந்தால், தெரிந்த அன்றே சொல்ல வேண்டும். காரணம் முழுதாகப் புரியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

குறை சொல்லும்போது ஆளைப் பற்றிப் பேசுவது அடுத்த தவறு. “நீங்க எப்பவும் அலட்சியம்” என்றால் அவர் ‘எப்பவும்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வார். ஒழுங்காகச் செய்த நாலு வேலையை எடுத்துக்காட்டுவார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். நடந்ததையும் அதன் விளைவையும் சொல்லுங்கள்: “நேற்று அனுப்பிய பட்டியலில் 3 வரிகளில் பழைய விலை இருந்தது. வாடிக்கையாளருக்குத் திருத்தி அனுப்ப வேண்டியதாயிற்று.” பிறகு அவர் தரப்பைக் கேளுங்கள். பழைய பட்டியலை அவரிடம் கொடுத்ததே வேறொருவராக இருக்கலாம்.

இரண்டு பாராட்டுகளுக்கு நடுவே குறையை ஒளித்துச் சொல்லும் முறையைப் பலர் கற்றுத்தருகிறார்கள். அது வேண்டாம். சிலர் பாராட்டை மட்டும் கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள். மற்றவர்கள் அதன்பின் நீங்கள் மனதாரப் பாராட்டினாலும் நம்பமாட்டார்கள்.

எழுத்தில் தொனி தொலைந்துபோகும். உளவியல் ஆய்வாளர்கள் ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்ளி குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், மின்னஞ்சலில் தாங்கள் எழுதியது கேலியா, உண்மையா என்பது படிப்பவருக்கு விளங்கிவிடும் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். படித்தவர்களோ நாணயத்தைச் சுண்டிச் சொல்வதைவிடச் சற்றுத்தான் மேலாகக் கணித்தார்கள். எனவே கருத்து வேறுபாடு 2 பதில்களைத் தாண்டினால் போனை எடுங்கள். பேசி முடிவானதை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

ஒருவரிடம் ஒரு முறைகூட நேரில் சொல்லாமல் மேலாளரை மின்னஞ்சலின் நகலில் சேர்த்தால், அவர் அதைப் புகாராகத்தான் படிப்பார். குழு சாட்டில் பிழையைச் சுட்டுவதும் அப்படியே. பணமோசடி, பாதுகாப்பு, பாலியல் தொந்தரவு ஆகியவை விதிவிலக்கு. அவற்றை நேராக மேலிடத்துக்கே கொண்டுபோக வேண்டும்.

மன்னிப்பில் ‘இருந்தால்’ வேண்டாம். “புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும்” என்பது, புண்பட்டதே அவர் தவறு என்பதுபோல் ஒலிக்கும். நடந்தது கூட்டத்தில் என்றால் மன்னிப்பும் கூட்டத்திலேயே: “நேற்று நீங்கள் பேசும்போது குறுக்கிட்டேன், அது என் தவறு. விட்ட இடத்திலிருந்து இன்று நீங்களே தொடங்குங்கள்.”