பத்தாம் வகுப்பு வரலாறு: வேலூர் புரட்சியை ஐந்து பாடவேளைகளில் நடத்தும் முறை

ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான தொடக்ககாலக் கிளர்ச்சிகள் என்ற அலகின் முடிவில், 1806-இல் வேலூர்க் கோட்டையில் கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்கள் நடத்திய வேலூர் புரட்சி வருகிறது. பாடநூலில் சில பக்கங்கள்தான். வாசித்து, முக்கிய வரிகளை அடிக்கோடிடச் சொல்லி ஒரே பாடவேளையில் முடித்துவிடலாம். அப்படி முடித்த வகுப்பின் விடைத்தாள்களில் "கொழுப்பு தடவிய தோட்டா" வேலூருக்குள் வந்துவிடும். அது 1857 சிப்பாய் கிளர்ச்சியின் காரணம். இரண்டிலும் சிப்பாய், விலங்கின் தோல் அல்லது கொழுப்பு, மதம், கோபம் என்று ஒரே சாயல் இருப்பதால் பிள்ளைகள் குழம்புகிறார்கள். காரணங்களை வேறுபடுத்திப் பார்க்க நேரம் கொடுத்தால் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும். புதிதாகப் பணியில் சேர்ந்த பட்டதாரி ஆசிரியர்களுக்கான வாரத் திட்டம் இது.

முன் தயாரிப்பு

நாற்பது பேர் உள்ள வகுப்பென்றால் ஐந்து பேர் வீதம் எட்டுக் குழுக்கள். ஆளுக்கொரு ஜெராக்ஸ் வேண்டாம், குழுவுக்கு ஒன்று போதும். தாள் ஒன்றாக இருந்தால்தான் தலைகளும் ஒன்று சேரும். பாடவேளை 45 நிமிடம் என்றாலும் 35 நிமிடத்துக்கே திட்டமிடுங்கள். வருகைப் பதிவும் குழு பிரிப்பும் மீதி நேரத்தைச் சாப்பிட்டுவிடும்.

கரும்பலகையின் ஓரத்தில் ஒரு கேள்வியை எழுதி, வெள்ளிக்கிழமை வரை அழிக்காமல் வையுங்கள்: "ஒரு தலைப்பாகைக்காகவா கோட்டையைப் பிடித்தார்கள்?" வாரத்தின் எல்லா வேலையும் இந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான்.

திங்கள்: காலமும் இடமும்

தென்னிந்திய வரைபடத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம், வேலூர், ஆற்காடு, சென்னை நான்கையும் குறிக்கச் சொல்லுங்கள். வேலூருக்கும் ஆற்காட்டுக்கும் இடையே ஏறத்தாழ 25 கிலோமீட்டர். புதன்கிழமை இந்தத் தூரம் தேவைப்படும்.

பிறகு காலக்கோடு. நோட்டை நீளவாக்கில் திருப்பி, ஓர் ஆண்டுக்கு 2 செ.மீ. என்று 1799 முதல் 1806 முடிய 16 செ.மீ. கோடு போட வேண்டும். 1799 மே 4 திப்பு சுல்தான் இறப்பு, அதே ஆண்டு அக்டோபர் 16 கட்டபொம்மன் தூக்கு, 1801 அக்டோபர் 24 மருது சகோதரர்கள் தூக்கு, 1805 நவம்பர் புதிய தலைப்பாகை ஆணை, 1806 ஜூலை 10 புரட்சி.

1806-இன் நிகழ்வுகள் அந்தக் கோட்டில் நெருக்கியடிக்கும். அதனால் கீழே இன்னொரு கோடு போட்டு, மாதத்துக்கு 2 செ.மீ. என ஜனவரி முதல் ஜூலை வரை பெரிதாக்கச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டால் பல பிள்ளைகள் நிகழ்வுகளைச் சம இடைவெளியில் எழுதிவிடுவார்கள். ஏழு ஆண்டுகளாகச் சேர்ந்ததும் ஏழு மாதங்களில் வெடித்ததும் வேறுவேறு என்பது அப்போது கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவது கோடே அன்றைய வீட்டுப்பாடம்.

செவ்வாய்: காரணங்களைப் பிரித்தல்

இந்த வாரத்தின் உயிர்நாடி இந்தப் பாடவேளைதான். குழுவுக்கு எட்டுத் துண்டுச் சீட்டுகள்:

1. திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் அவர் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில் வைத்தது.
2. பாளையங்கள் ஒடுக்கப்பட்டு, வீரர்கள் பிழைப்பு இழந்தது.
3. இந்தியச் சிப்பாய்களுக்குக் குறைந்த சம்பளம், பதவி உயர்வுக்கு வழியின்மை.
4. ஐரோப்பியத் தொப்பி போன்ற புதிய தலைப்பாகை, அதில் தோலாலான சின்னம்.
5. 1806 மார்ச் விதிகள்: சீருடையில் சாதி, மதக் குறியும் காதணியும் கூடாது, தாடி மழிக்க வேண்டும், மீசை ஒரே அளவில் இருக்க வேண்டும்.
6. மே மாதம் தலைப்பாகையை மறுத்தவர்களில் இருவருக்கு 900 கசையடியும் பணிநீக்கமும் விதித்தது.
7. ஜூன் மாதம் முஸ்தபா பெக் என்ற சிப்பாய் சதி பற்றி எச்சரித்தும் அதிகாரிகள் நம்பாமல் விட்டது.
8. மதம் மாற்றப்போகிறார்கள் என்ற அச்சம்.

நீண்டகாலக் காரணம், உடனடிக் காரணம் என்று இரண்டு அடுக்காகப் பிரிக்கச் சொல்லுங்கள். நேரம் 12 நிமிடம். ஏழாவது சீட்டு வேண்டுமென்றே வைத்தது. அது சிப்பாய்களின் கோபத்துக்குக் காரணம் இல்லை. புரட்சி திடீர்த் தாக்குதலாக அமைந்ததற்குத்தான் காரணம். "இது எதிலும் சேரவில்லையே" என்று ஒரு குழு கேட்டுவிட்டால் பாடம் பிடிபட்டுவிட்டது. யாரும் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: திருநீறு, நாமம், தாடி பற்றிப் பேசும்போது வகுப்பிலுள்ள எந்தப் பிள்ளையையும் உதாரணமாகச் சுட்டக் கூடாது. அந்த விதிகள் இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இருவரையும் ஒருசேரப் புண்படுத்தின என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

வீட்டுப்பாடம்: எட்டில் வலுவான இரண்டைத் தேர்ந்து, ஏன் என்று ஆளுக்கு இரண்டு வரி.

புதன்: ஜூலை 10

நிகழ்வைச் சொல்ல 15 நிமிடம் போதும். அதிகாலை இருளில் 1-வது, 23-வது ரெஜிமென்ட் சிப்பாய்கள் தாக்கத் தொடங்கினார்கள். கோட்டைத் தளபதி கர்னல் பேன்கோர்ட் கொல்லப்பட்டார். திப்புவின் புலிக்கொடி ஏறியது. வெளியே இருந்த மேஜர் கூட்ஸ் ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்பினார். அங்கிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையோடு காலை 9 மணியளவில் வந்து சேர்ந்து, கயிற்றைப் பிடித்து மதில் ஏறினார். பின்னால் வந்த பீரங்கிகள் கதவை உடைத்தன.

"கில்லெஸ்பி மாலையில் வந்திருந்தால்?" என்று கேட்டு, திங்கட்கிழமை வரைபடத்தை எடுக்கச் சொல்லுங்கள். அவரோடு மதராஸ் குதிரைப்படையின் இந்திய வீரர்களும் வந்தார்கள் என்பதையும் மறைக்காதீர்கள். "நம்மவர் எல்லோரும் ஒரு பக்கம்" என்ற எளிய கணக்கு அங்கே உடைகிறது. நல்ல கேள்விகள் அங்கேதான் பிறக்கும். இறந்தவர்கள் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறும். தேர்வுக்குப் பாடநூல் எண்ணை எழுதட்டும். ஏன் மாறுகிறது என்பதை வியாழனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழன்: யார் சொன்னது?

ஆங்கிலேயர்களே அன்று இரண்டு விளக்கம் சொன்னார்கள். சீருடை விதிகள்தான் காரணம் என்பது ஒன்று. திப்புவின் மகன்களின் சதி என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனிச் சீட்டில் எழுதிக் கொடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். இதைச் சொல்லக்கூடியவர் யார்? இது உண்மையானால் பழி யார்மேல் விழும்? யார் தப்பிப்பார்?

விதிகள்தான் காரணம் என்றால் தலைமைத் தளபதி கிரடாக், ஆளுநர் வில்லியம் பென்டிங்க் தலையில் விழும். சதி என்றால் அவர்கள் தப்பிப்பார்கள். நடந்ததையும் சொல்லுங்கள்: இருவரும் திரும்ப அழைக்கப்பட்டார்கள், திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது, விதிகள் கைவிடப்பட்டன. கிழக்கிந்தியக் கம்பெனி இரண்டு விளக்கத்தையும் நம்பியது போலவே நடந்துகொண்டது.

அடுத்து, "சிப்பாயின் குரல் எங்கே?" நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் விசாரணையில் ஆங்கிலேயர் எழுதிவைத்த வாக்குமூலம்தான். உயிருக்குப் பயந்து சொன்ன சொல் எவ்வளவு நம்பத்தக்கது என்று பேசட்டும். "சிப்பாயின் நாட்குறிப்பு எழுதுக" என்ற ஒப்படைப்பை அன்று தராதீர்கள், திரைப்பட வசனம்தான் வரும். தந்தே ஆக வேண்டுமென்றால் நான்கு உண்மைத் தகவல்களை அடிக்கோடிட்டுக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு தாருங்கள்.

வெள்ளி: எழுதுதல்

கரும்பலகைக் கேள்விக்கே விடை. நேரம் 20 நிமிடம், அளவு ஒரு பக்கம். மதிப்பெண் 5: தெளிவான நிலைப்பாட்டுக்கு 1, சான்றோடு இரண்டு காரணங்களுக்கு 2, எதிர்க்கருத்தைக் குறிப்பிட்டதற்கு 1, கால வரிசை பிசகாததற்கு 1. இந்தப் பங்கீட்டை எழுதத் தொடங்கும் முன்பே பலகையில் போட்டுவிடுங்கள்.

அதிகம் காணும் குறை, காரணங்களைப் பட்டியலிட்டு நிறுத்திவிடுவது. "சம்பளம் குறைவு. தலைப்பாகை பிடிக்கவில்லை." இரண்டுக்கும் ஒட்டு இல்லை. 'ஏற்கெனவே', 'இதனால்', 'இருந்தபோதும்' என்ற மூன்று சொற்களைத் தந்து, அவற்றில் இரண்டையாவது பயன்படுத்தச் சொல்லுங்கள். "சம்பளக் குறைவால் ஏற்கெனவே மனம் வெறுத்திருந்தவர்களிடம் தலைப்பாகையையும் திணித்தார்கள், இதனால்..." என்று வாக்கியம் தானே நகரும்.

நாற்பது நோட்டுக்கு மூன்று நிமிடம் வீதம் இரண்டு மணி நேரம் ஆகும். பிழை முழுவதையும் சிவப்பு மையால் குளிப்பாட்ட வேண்டாம். 'சா' என்றால் சான்று இல்லை, 'கா' என்றால் கால வரிசை தவறு, 'ஒ' என்றால் ஒட்டு இல்லை. இந்த மூன்று குறி போதும். அடுத்த திங்கட்கிழமைப் பாடவேளையின் முதல் ஐந்து நிமிடத்தில் நோட்டைத் திருப்பிக் கொடுத்து, குறி விழுந்த ஒரே ஒரு வாக்கியத்தை அங்கேயே திருத்தி எழுதச் சொல்லுங்கள். வராத பிள்ளைகளுக்குச் செவ்வாய்ச் சீட்டுகளின் ஒரு தொகுப்பைத் தனியே எடுத்து வையுங்கள். அதைப் பிரித்துவிட்டால் வெள்ளிக்கிழமை விடையை அவர்களாலும் எழுத முடியும்.