டிவியை எடுத்துவிட்டு மாமியா படத்தை மாட்டுவது: டிராக்கிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற பையன்கள் அவ்வப்போது என்னிடம் கிளிப் கொண்டுவந்து காட்டுவார்கள். சுவரில் தொங்கிய ஃப்ளெக்ஸை எடுத்துவிட்டு அங்கே தஞ்சாவூர் ஓவியம் வைத்திருப்பார்கள். கேமரா நகரும்போது ஓவியம் சுவரை விட்டு நீந்தும். போன மாதம் வந்த ஒரு கிளிப்பைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. சில வருஷம் முன்னால் நான் செய்த அதே தவறு, அதே நீச்சல். ஷாட்டில் சில புள்ளிகளைக் கணினி ஃப்ரேமுக்கு ஃப்ரேம் பின்தொடர்ந்து, வைக்கிற பொருளைக் கேமரா அசைவோடு பொருத்துவதுதான் டிராக்கிங். புள்ளி எப்படி வைப்பது, எந்தப் பட்டனை அழுத்துவது என்பதெல்லாம் யூடியூபில் கிடைக்கிறது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

ஸ்டெபிலைசேஷனைப் போட்டுக்கொண்டு எடுப்பது

கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் அறுபதாம் கல்யாணம். ஐயாவும் ஆச்சியும் முகப்பிலிருந்து வளவுக்கு, அதாவது உள்முற்றப் பகுதிக்கு, நடந்து வருகிறார்கள். நான் அவர்களுக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடி ஒரே ஷாட்டில் எடுத்தேன். 20 விநாடி. பின்னால் சுவரில் பெரிய டிவி. விசேஷம் முடிந்து ஆச்சி கேட்டார்: "தம்பி, அந்த டிவி இருக்கிற எடத்துல முன்னாடி எங்க மாமியா படம் மாட்டியிருந்துச்சு. வீடியோல மட்டும் அதக் கொண்டுவர முடியுமா?" முடியும் ஆச்சி, ரெண்டு நாளில் தருகிறேன் என்றேன்.

கையாட்டம் தெரியக்கூடாது என்று கேமராவில் டிஜிட்டல் ஸ்டெபிலைசேஷனை முழுசாக வைத்திருந்தேன். அங்கேதான் வேலை கெட்டது.

கேமரா டிராக்கர் அசையாத பொருள்களில் புள்ளிகளைப் பிடித்து, அவை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் எவ்வளவு நகர்கின்றன என்று பார்க்கும். பக்கத்துத் தூண் வேகமாக நகரும், தூரத்துச் சுவர் மெதுவாக நகரும். அந்த வித்தியாசத்திலிருந்து கேமரா எங்கே இருந்தது, எந்தப் பக்கம் திரும்பியது என்று கணக்குப் போடும். லென்ஸின் மையம் எல்லா ஃப்ரேமிலும் படத்தின் ஒரே இடத்தில் விழுகிறது என்று நம்பித்தான் அந்தக் கணக்கே நடக்கிறது. டிஜிட்டல் ஸ்டெபிலைசேஷனோ படத்தின் ஓரங்களை வெட்டி, கை ஆடுகிற பக்கத்துக்கு ஏற்ப அந்த வெட்டுச் சட்டத்தை நகர்த்திக்கொண்டே இருக்கும். தேவைப்பட்டால் சுழற்றும், இழுத்து வளைக்கும். நம் கண்ணுக்கு வழவழவென்று இருக்கும். டிராக்கருக்கு ஒவ்வொரு ஃப்ரேமும் வேறு வேறு லென்ஸில் எடுத்தது மாதிரி.

என்னை ஏமாற்றியது பிழைக் கணக்கு, அதாவது டிராக்கரின் கணக்குப்படி புள்ளி இருக்க வேண்டிய இடத்துக்கும் படத்தில் இருக்கிற இடத்துக்கும் உள்ள வித்தியாசம். சராசரி 0.6 பிக்சல் காட்டியது. ஒன்றுக்குக் கீழே வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். புள்ளிகளில் பாதிக்கு மேல் பூ டிசைன் போட்ட ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் இருந்தன. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி மெருகேற்றிய சுவரில் பிடிக்க ஒன்றுமே இல்லை. கணக்கு தரைக்குப் பொருந்தியது, சுவருக்குப் பொருந்தவில்லை. மாமியா படம் மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கியது.

தனித்தனிப் புள்ளிகளுக்குப் பதில் ஒரு தட்டையான பரப்பையே பின்தொடர்கிற பிளேனர் டிராக்கருக்கு மாறினேன். சுவரின் மினுமினுப்பு நான் நடக்க நடக்கக் கூடவே வழுக்கியது. டிராக்கர் அந்த ஒளியின் பின்னால் போய்விட்டது. கடைசியில் 500 ஃப்ரேமிலும் நாலு மூலையையும் கையால் பொருத்த உட்கார்ந்தேன். நாலு ராத்திரி. அப்போதும் நடுக்கம் போகவில்லை. 20 விநாடி ஷாட்டை 6 விநாடியாக வெட்டிக் கொடுத்தேன். ஐயா நின்று ஆச்சியைத் திரும்பிப் பார்க்கிற இடம் வெட்டில் போய்விட்டது. திரும்ப எடுக்க முடியாத நடை அது. இன்றைக்கு நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

அதனால் சொல்கிறேன்: பொருளை மாற்றப்போகிற ஷாட்டில் டிஜிட்டல் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். போனில் அது பெரும்பாலும் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். போனின் சொந்த ஆப்பில் அணைக்க வழி இல்லையென்றால் அணைக்க விடுகிற வேறு கேமரா ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். லென்ஸையோ சென்சாரையோ நகர்த்துகிற ஸ்டெபிலைசேஷன் அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் முடிந்தால் அணைப்பது நல்லது. கேமராவை ஆடாமல் பிடிக்கிற மோட்டார் கைப்பிடியான கிம்பல் தாராளமாக வைக்கலாம், அது கேமரா முழுவதையும்தானே திருப்புகிறது. எடிட்டிலும் வரிசை இதுதான்: முதலில் டிராக், பிறகு பொருளை மாற்றுவது, அதற்குப் பிறகு மொத்தப் படத்துக்கும் ஸ்டெபிலைஸ்.

தூணின் ஓரத்தில் புள்ளி வைப்பது

உருண்டைத் தேக்குத் தூணின் ஓரம் என்று நிலையான இடம் கிடையாது. நீங்கள் நகர்ந்தால் ஓரமும் மாறும். தூணும் பின்னாலுள்ள உத்தரமும் வெட்டிக்கொள்கிற மூலை பார்க்க அருமையான புள்ளியாகத் தெரியும். அங்கே உண்மையில் எதுவும் இல்லை. தூணின் அடியிலுள்ள கல்லில் கீறல், கறை ஏதாவது பாருங்கள்.

ஒரே பூ, நூறு தடவை

ஆத்தங்குடிக் கல்லில் ஒரே டிசைன் வரிசையாக வரும். அடுத்த ஃப்ரேமில் டிராக்கர் புள்ளியைத் தேடும் கட்டம் பெரிதாக இருந்தால் டிராக்கர் பக்கத்துக் கல்லின் பூவுக்குத் தாவிவிடும். கட்டத்தைச் சின்னதாக வையுங்கள்.

ஷட்டர்

விநாடிக்கு 25 ஃப்ரேம் எடுத்தால் ஷட்டர் வேகம் 1/50 விநாடி. அசைவில் ஷாட் எவ்வளவு மங்குகிறதோ, வைக்கிற பொருளுக்கும் அதே அளவு மங்கல்.

காலி ஷாட் எடுக்காமல் கிளம்புவது

அதே இடத்தைப் பத்து விநாடி தனியாக எடுத்து வையுங்கள். ஆள் இல்லாமல், அதே வெளிச்சத்தில்.

தரையை மறப்பது

சுவரிலிருந்து டிவியை எடுத்துவிடுகிறோம், சரி. மெருகேறிய தரையில் அதன் பிம்பம் அப்படியே இருக்கும். பையன்கள் யாரும் இதைக் கவனிப்பதில்லை. பொருள் தரைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, பிம்பம் தரைக்குக் கீழே அவ்வளவு ஆழத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். கேமரா டிராக் சரியாக இருந்தால், புதுப் படத்தின் ஒரு நகலைத் தலைகீழாக அந்த ஆழத்தில் நிறுத்தி, மங்கலாக்கி, ஒளியைக் குறைத்தால் போதும். நடந்து வருகிறவர்களின் கால் அதற்கு மேலே வர வேண்டும், அதற்குக் காலின் உருவத்தைத் தனியாகப் பிரித்து மாஸ்க் போடுங்கள். கானாடுகாத்தான் வீடியோவின் அந்த 6 விநாடியில் இன்னமும் தரையில் டிவி தெரிகிறது.

சுவரில் டேப் ஒட்டுவது

வேண்டாம். சுவரில் புள்ளி இல்லையே என்று கலர் டேப்பைத் துண்டு துண்டாக ஒட்டுகிறார்கள். பல தலைமுறையாக மெருகு குலையாமல் இருக்கிற பூச்சு அது; டேப்போடு உரிந்து வந்தால் யார் பூசித் தருவார்கள்? சுவரை ஒட்டி ஒரு முக்காலியும் இரண்டு பித்தளைச் சொம்பும் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த வீடுகளில் இல்லாத சாமானா? சொம்பின் பளபளப்பில் புள்ளி வைத்துவிடாதீர்கள், முக்காலியின் மூலைகளில் வையுங்கள்.