'தூங்கும் அழகி' பாலே: குழந்தையோடு பார்க்கப் போகிறவர்களுக்கு

கதைதான் குழந்தைக்குத் தெரியுமே, மேடையில் நடப்பது தானாகப் புரிந்துவிடும் என்று நம்பித்தான் பலரும் டிக்கெட் எடுக்கிறார்கள். திரை விலகி அரை மணி நேரம் ஆன பிறகும் "இளவரசி எங்கே?" என்ற கேள்வி நிற்காது. முன்கதைக் காட்சி முழுவதும் இளவரசி அரோரா தொட்டிலில் கிடக்கும் கைக்குழந்தை. ஆடப்போகும் அரோரா முதல் அங்கத்தில்தான் வருவாள். இதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்.

பாலேயில் கதை ஒரே சீராக ஓடுவதில்லை. கலைஞர்கள் கையால் பேசும் இடங்களில் விறுவிறுவென நகரும். அப்புறம் அப்படியே நின்று, பத்து நிமிஷத்துக்கு ஆட்டம் மட்டும் நடக்கும். எங்கே நகரும், எங்கே நிற்கும் என்று தெரிந்துகொண்டு போவதுதான் முக்கியமான தயாரிப்பு.

முழு வடிவம் முன்கதையும் மூன்று அங்கங்களுமாக, இடைவேளைகளோடு சுமார் மூன்று மணி நேரம் போகும். ஆறு வயதுக்குக் கீழ் என்றால் ஒரு மணி நேரச் சுருக்க வடிவம் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். சிறு குழந்தைகளை அனுமதிக்காத அரங்குகளும் உண்டு. பணம் கட்டும் முன் வயது விதியைப் பாருங்கள்.

முன்வரிசை இருக்கை நல்லது என்று தோன்றும், ஆனால் அங்கிருந்து மேடைத்தளம் கண்மட்டத்தில் இருப்பதால் பாதங்கள் மறைந்துபோகும். குழு நடனத்தின் வரிசைகளும் வட்டங்களும் உயரத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். முதல் மாடியின் நடுப்பகுதி சிறந்தது. ஓரத்து இருக்கையில் மேடையின் ஒரு பக்கம் வெட்டுப்படும். பைனாகுலர் கொண்டுபோனால் மூன்று மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது போதும். அதற்கு மேல் போனால் கை நடுக்கத்தில் ஆடுபவர் வட்டத்தை விட்டு ஓடிவிடுவார்.

ஒரு வாரம் முன்பு கதையை இன்னொரு தடவை சொல்லுங்கள். 1697இல் பிரெஞ்சுக்காரர் பெரோ வெளியிட்ட கதையில், கல்யாணத்துக்குப் பிறகு மனிதரைத் தின்னும் மாமியார் வரும் இரண்டாம் பாதி ஒன்று இருக்கிறது. பாலே அதைத் தொடுவதே இல்லை, கல்யாணத்தோடு முடித்துக்கொள்கிறது.

பிறகு இசை. இந்தப் பாலேக்கு இசையமைத்த சாய்கோவ்ஸ்கியின் முகப்பிசை மூன்று நிமிஷம்தான், அதில் கதையே அடங்கியிருக்கிறது. தடதடவென்று சீறும் தொடக்கம் கெட்ட தேவதை கராபோஸ்; பிறகு இங்கிலீஷ் ஹார்ன் என்ற குழல் வாத்தியத்தில் அமைதியாக எழும் மெட்டு, நல்லவளான லைலாக் தேவதை. இந்த இரண்டையும் நாலைந்து தடவை கேட்ட குழந்தை, அவர்கள் வரும்போது இசையைக் கேட்டே கண்டுபிடித்துவிடும்.

கையசைவுகளில் ஐந்து போதும். தலைக்கு மேல் இரு கைகளையும் ஒன்றையொன்று சுற்றி உருட்டினால் நடனம். முகத்தைச் சுற்றி வட்டம் போட்டால் அழகு. மோதிர விரலைத் தொட்டுக் காட்டினால் கல்யாணம். இரு கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்தால் தூக்கம். முஷ்டி பிடித்து, மணிக்கட்டுகளைக் குறுக்காக வைத்துக் கீழே இறக்கினால் மரணம். முன்கதையின் முடிவில் கராபோஸ் தொட்டிலைக் காட்டி, இவள் அழகாக வளர்வாள், விரலில் குத்திக்கொள்வாள் என்று சொல்லி, முஷ்டிகளை இறக்குவாள். அந்த நொடி புரிந்த குழந்தை மூச்சைப் பிடித்துக்கொள்ளும். உடனே லைலாக் தேவதை குறுக்கிட்டு, சாக மாட்டாள், தூங்குவாள் என்று மாற்றிச் சொல்வாள். சில குழுவினர் இந்த அபிநயத்தைச் சுருக்கி நடனமாக்கிவிடுவார்கள். நிகழ்ச்சிக் கையேட்டின் கதைச்சுருக்கத்தைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். கராபோஸாக ஆண் ஒருவர் வந்தால் வியக்க வேண்டாம். 1890இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் மாரின்ஸ்கி அரங்கில், மரியஸ் பெட்டிபாவின் நடன அமைப்பில் முதன்முதலாக மேடையேறியபோதே அந்த வேடம் என்ரிகோ செக்கெட்டி என்ற ஆண் கலைஞருடையது.

முன்கதையில் கராபோஸ் வருவதற்கு முன் தேவதைகள் வரம் தரும் தனி நடனங்கள் வரும், ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம் போல. கதை நிற்கும் இடம் இது. கால்களை விட்டுவிட்டுக் கைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்: ஒருத்தியின் விரல்கள் பாடும் பறவையாகப் படபடக்கும், இன்னொருத்தி ஆள்காட்டி விரல்களை மின்னலாக நீட்டிக்கொண்டு பாய்வாள்.

முதல் அங்கத்தில் நான்கு இளவரசர்கள் அரோராவைப் பெண் கேட்டு வரும் 'ரோஜா அடாஜியோ' என்ற மெதுவான நடனத்தை மட்டும் எக்காரணத்தாலும் தவறவிடாதீர்கள். ஒற்றைக் கால் நுனியில் நின்று, மறுகாலைப் பின்னால் மடித்து உயர்த்தி, ஒவ்வொருவர் கையாகப் பிடித்து விடுவாள். ஒரு கையை விட்டு அடுத்த கையைப் பிடிப்பதற்குள் அவளைத் தாங்குவது அந்த ஒற்றைக் கால் நுனி மட்டும்தான். பைனாகுலரை அவள் முகத்திலிருந்து இறக்கி, ஊன்றிய கணுக்காலில் நிறுத்துங்கள். தடுமாற்றம் அங்கேதான் முதலில் தெரியும். சமநிலை போகிறது என்றால் அடுத்த கையைச் சட்டென்று பற்றிக்கொள்வாள். உறுதியாக நின்றால் இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்துவாள்.

கைதட்ட முடிவு வரை காத்திருக்க வேண்டாம். தனி நடனம் முடிந்து கலைஞர் வணங்கும்போது தட்டலாம். பாலேயில் அதுதான் வழக்கம். தாமதமாகப் போனால் மட்டும் இடைவேளை வரை வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

நூறு வருஷத் தூக்கத்தைக் கலைக்கும் முத்தம் இரண்டாம் அங்கத்தின் முடிவிலேயே வந்துவிடும். மூன்றாம் அங்கத்தில் கதை என்று ஒன்றும் மிச்சமில்லை, கல்யாண விருந்து மட்டுமே. குழந்தை சோர்ந்துவிட்டால் அந்த இடைவேளையில் கிளம்புங்கள், கதை முழுதாகக் கையில் இருக்கும். தெம்பிருந்தால் விருந்தாளிகளை அடையாளம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பூட்ஸ் போட்ட பூனை வெள்ளைப் பூனையோடு சண்டை போடும், இசைக்குழுவில் ஓபோ என்ற குழல் வாத்தியம் மியாவ் என்று கத்தும். சிவப்புத் தொப்பிச் சிறுமி ஓநாயோடு வருவாள். நீலப்பறவை காற்றிலேயே கால்களைத் தட்டிக்கொண்டு மேடையைக் குறுக்காகக் கடக்கும்.