கே.பி.எஸ்ஸைக் கேட்கத் தொடங்குவது எப்படி?

பழைய இசைத்தட்டுகளைச் சேர்க்கிறவன் நான். ஆனால் நாடகமேடையிலும் சினிமாவிலும் பாடி நடித்த கே.பி. சுந்தராம்பாளை எங்கே தொடங்கிக் கேட்பது என்று யாராவது கேட்டால், இசைத்தட்டு வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வேன். அந்த இரைச்சலுக்குக் காது பழகுவதற்குள் ஆர்வம் வடிந்துவிடும். பின்னாலிருந்து வாருங்கள்.

முதலில் 1965இல் வந்த திருவிளையாடலின் ‘பழம் நீயப்பா’. ஒரு தடவை சும்மா கேளுங்கள். அடுத்த தடவை சொற்களை மட்டும் கவனியுங்கள். குரல் எவ்வளவு உச்சத்துக்குப் போனாலும் ஓர் எழுத்துகூட மழுங்காது. மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்டும்படி பாடி வளர்ந்த தொண்டை. அம்மாவுக்கு அப்போது 55 வயது தாண்டிவிட்டது!

அப்புறம் பூம்புகார் (1964), ஔவையார் (1953). ஔவையார் நீளமான படம். பாட்டுகளை மட்டும் கேட்டாலும் குற்றமில்லை.

பூம்புகாரில் கவுந்தியடிகள், மற்றதில் ஔவை என்று எல்லாமே துறவியும் கிழவியுமாக இருக்கிறதே என்று தோன்றும். அதற்கு அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாடகமேடையில் சேர்ந்து பாடி மணந்த எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல், 27 வயதில் இறந்துபோனார். அன்றிலிருந்து வெள்ளைப் புடவை, நெற்றியில் திருநீறு. எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற உறுதி. 1935இல் வந்த நந்தனார் படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் பேசியபோதும் அவர் போட்டது ஆண் வேடம். 1958இல் சட்ட மேலவை உறுப்பினரானது, ‘துணைவன்’ படத்துக்குத் தேசிய விருது பெற்றதெல்லாம் பிறகு படித்துக்கொள்ளலாம்.

இப்போது இசைத்தட்டுக்கு வரலாம். கிட்டப்பாவின் பாட்டு ஒன்று, இவருடையது ஒன்று என மாற்றி மாற்றிக் கேளுங்கள். இருவரும் ஒருவரை ஒருவர் மிஞ்சப் பாடிய மேடை எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு பிடிபடும். ஹெட்போன் வேண்டாம், கீறல் சத்தம் காதைக் குடையும். சின்ன ஸ்பீக்கர் போதும்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் ஏற்றியவற்றில் பல வேகம் தப்பியவை. குரல் கீச்சென்று கேட்டால் பழியை அம்மா மேல் போடாதீர்கள். அதே பாட்டின் வேறு பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்த வேண்டுமென்றால் போன் பிளேயரில் வேகத்தைக் குறைத்துப் பயனில்லை, பெரும்பாலும் சுருதி அப்படியே நிற்கும். ஆடாசிட்டி மாதிரி மென்பொருளில் வேகமும் சுருதியும் சேர்ந்து இறங்கும்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஆர்மோனியம் ஆர்மோனியமாகக் கேட்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடலாம்.